சில வினாடிகளின் யந்திரம்

விடியற்காலையில் வெளியூர்ப் பிரயாணத்துக்காகப் புறப்பட்டு, பெட்டி படுக்கைகளையெல்லாம் டிக்கியில் அடுக்கிவிட்டு, சாவியைத் திருப்பிய என் காதில், வழக்கமான உறுமலுக்குப் பதிலாக 'டொக்' என்ற ஒரே ஒரு சத்தம் மட்டும் விழுந்தது. மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் அதே ஒற்றை 'டொக்'. முகப்பு விளக்குகள் பிரகாசமாக எரிந்தன, ஹாரன் கணீரென்று ஒலித்தது, பெட்ரோலுக்கும் குறைவில்லை. ஆயினும் என்ஜினை முதல் சுற்றுச் சுற்றிவிட வேண்டிய அந்தச் சிறு யந்திரம் மட்டும் அசைய மாட்டேன் என்று கிடந்தது. 'செல்ப் எடுக்கவில்லை' என்று நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். செல்ப் ஸ்டார்ட்டர் என்ற நீண்ட பெயரின் பின்பாதி பட்டறைப் பேச்சில் எப்போதோ உதிர்ந்துபோய், முன்பாதி மட்டும் தமிழோடு தமிழாய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த மோட்டாரைப் பத்திரமாகக் கழற்றுவதும், சரிசெய்தோ புதிதாக வாங்கியோ மாட்டுவதும்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். செய்முறையை மட்டும் வரிசையாக ஒப்பித்துவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த எச்சரிக்கை, எண்ணெயில் வழுக்கும் ஸ்பேனரைப்போல, தேவைப்படுகிற சமயத்தில் கையைவிட்டு நழுவிவிடும் என்பது என் அனுபவம். எதை முன்னால் கழற்றுவது, எதைப் பின்னால் மாட்டுவது, எதைக் கையிலிருந்து எடுத்துப் பையில் போடுவது என்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பௌதிக நியதி நிற்கிறது. அந்த நியதிகளை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஸ்பேனரைக் கையில் எடுப்போம்.

பெட்ரோல் என்ஜின் தானாக ஓட ஆரம்பிக்க இயலாத ஒரு பிராணி. உள்ளே காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து இழுக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, பொறி பட்டு வெடித்தால்தான் அதற்கு இயக்கம் உண்டு. ஆனால் இழுப்பதற்கும் அழுத்துவதற்கும் அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். எனவே முதல் இரண்டு மூன்று சுற்றுகளை வேறு யாராவது சுற்றிவிட்டாக வேண்டும். ஆரம்ப காலத்தில் அதைச் செய்தது மனிதனுடைய புஜபலம். காரின் முன்பக்கத் துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். நம் நாட்டு அம்பாசிடரில்கூட அந்தத் துளை இருந்ததைப் பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். சுற்றும்போது பொறி சற்று முந்தி விழுந்துவிட்டால் என்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதை ஹேண்டில் வழியாக மணிக்கட்டில் வந்து இறங்கும். அவ்விதம் முறிந்த மணிக்கட்டுகள் எத்தனை என்றால், முன்கை எலும்பின் நுனியில் ஏற்படுகிற ஒருவகை முறிவுக்கு வைத்திய சாஸ்திரம் 'காரோட்டியின் முறிவு' என்றே பெயர் சூட்டி, இன்றைக்கும் அப்படியே அழைத்துவருகிறது. கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி வளைக்காதே, மற்ற விரல்கள் இருக்கிற பக்கத்திலேயே வைத்துக்கொள் என்று பழைய டிரைவர்கள் சீடப் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம், உதைக்கிற ஹேண்டில் விரலைப் பிடித்து இழுத்துப்போகாமல் கையைவிட்டு விலகிப் போகட்டும் என்பதற்காகவே.

மின்சார மோட்டாரால் இந்த வேலையைச் செய்ய முடியாதா என்ற கேள்வி எழுந்தபோது, என்ஜினைச் சுற்றுவதற்கு வேண்டிய பலமுள்ள மோட்டார் என்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்குமே, அதைக் காரில் எங்கே வைப்பது என்று அறிந்தவர்கள் கையை விரித்தார்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் கெட்டரிங் என்பவருக்கு இந்த வாதத்தில் ஒரு பிழை தென்பட்டது. அவர் அதற்கு முன்னர் டேட்டன் நகரில், கடைகளில் பணம் வாங்கிப்போடும் கல்லாப்பெட்டி யந்திரத்துக்கு மின்சார மோட்டார் பொருத்தும் வேலையில் இருந்தவர். கல்லாப்பெட்டி நாள் முழுதும் ஓடுவதில்லை. வாடிக்கைக்காரர் பணம் கொடுக்கும்போது ஒரு க்ஷணம் இயங்கிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஒரு மோட்டாரின் அளவை நிர்ணயிப்பது அது தரவேண்டிய பலம் மட்டுமன்று, அந்தப் பலத்தை எவ்வளவு நேரம் தரவேண்டும் என்பதும்தான் என்பதை அந்தத் தொழில் அவருக்குக் கற்பித்திருந்தது. நாள் முழுதும் ஓடுகிற மோட்டார் தன்னுள் பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில வினாடிகளே ஓடுகிற மோட்டாரோ, வெப்பம் ஏறிக் கம்பியைக் கருக்குவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். இந்த ஓர் உண்மையை ஆதாரமாகக் கொண்டு அவர் 1911-ல் செய்துகாட்டிய சாதனம், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் ஏறியது.

நம் வீட்டுக் கார்களையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செல்ப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்றால், அது விழுங்கும் சக்தி 2,400 வாட். அதாவது மூன்று குதிரைச் சக்திக்கும் சற்று அதிகம். நம் கிணற்றடியில் நிற்கிற மூன்று குதிரைச் சக்தி பம்பு செட்டு மோட்டாரையும், ஒற்றைக் கையில் தூக்கிவிடக்கூடிய செல்ப் மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கெட்டரிங் கண்டுகொண்ட உண்மை பிரத்தியட்சமாக விளங்கும். முன்னது ராத்திரி முழுவதும் ஓடித் தண்ணீர் பாய்ச்ச வேண்டியது. பின்னது மூன்று வினாடி ஓடினால் போதும். அந்த மூன்று வினாடிகளில் செலவாகிற மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால், 40 வாட் பல்பு ஒன்றை மூன்று நிமிஷம் எரிப்பதற்குத்தான் அது காணும். ஆற்றல் அற்பம், அது பாய்கிற வேகம்தான் அசாத்தியம். என்ஜின் பிடிக்கவில்லையே என்று சாவியைத் திருப்பியபடியே அரை நிமிஷம் பிடித்துக்கொண்டிருப்பவர், சில வினாடிகளுக்கென்று பிறந்த யந்திரத்தை அதன் தர்மத்துக்கு விரோதமாக ஓட்டுகிறார். பத்து வினாடிக்கு மேல் சுற்றாமல், ஓரிரு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி முயல்வதே முறை.

மோட்டாரின் உள்ளமைப்பில் இரண்டு நுட்பங்களை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மோட்டாரின் அச்சிலுள்ள சின்னப் பல்சக்கரமாகிய பினியன், என்ஜினின் பிளைவீலைச் சுற்றியிருக்கும் பெரிய பல்வளையத்தோடு கோத்துக்கொண்டு அதைச் சுற்றுகிறது. பினியனில் 10 பற்களும் வளையத்தில் 120 பற்களும் இருந்தால், மோட்டார் பன்னிரண்டு சுற்றுச் சுற்றும்போது என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைந்து பலம் பன்னிரண்டு மடங்காகும். ஆனால் என்ஜின் உயிர்பெற்று நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடத் தொடங்கிய பிறகும் பினியன் விலகாமல் கோத்தபடியே நின்றால், மோட்டார் நிமிஷத்துக்கு 24,000 சுற்றுச் சுழன்று, அதன் செப்புக் கம்பிகள் கட்டவிழ்ந்து சிதறிவிடும். இந்த விபரீதத்தைத் தடுக்கவே, பினியனுக்குள் ஒரு பக்கமாக மட்டும் பிடித்து மறுபக்கமாக வழுக்கிவிடுகிற உருளைப் பூட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய கார்களில் இந்த வேலையை வேறொரு விதமாக, பினியனைத் திருகு மரையில் ஏற்றி, சுழற்சியின் ஜடத்துவத்தாலேயே அது ஓடிப்போய்க் கோத்துக்கொள்ளவும் விலகிக்கொள்ளவும் செய்த அமைப்பு வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கருடைய பெயரால் வழங்கியது. அமைப்பு மாறிப்போனாலும் பெயர் மாறவில்லை. இன்றும் எந்த உதிரிபாகக் கடையிலும் 'பெண்டிக்ஸ் ஒன்று கொடுங்கள்' என்றால் இந்தப் பினியன் கூட்டைத்தான் எடுத்து வைப்பார்கள்.

மற்றொரு நுட்பம், மோட்டாரின் முதுகில் குட்டிபோல ஏறியிருக்கும் சொலினாய்டு. சாவியைத் திருப்பியதும் இதனுள்ளே காந்தமாகும் சுருள் ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்தத் தண்டு ஒரு முனையில் நெம்புகோலால் பினியனைப் பல்வளையத்துக்குள் தள்ளுகிறது, மறு முனையில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள கனத்த செப்புச் சுவிட்சை மூடுகிறது. இதற்காக உள்ளே இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இழுப்பதற்கு, மற்றது இழுத்ததைப் பிடித்துவைத்துக்கொள்வதற்கு. இழுக்கும் சுருளின் மின்னோட்டம் மோட்டாரின் வழியாகவே காரின் உடம்புக்குப் போகும்படி இணைத்திருக்கிறார்கள்; கனத்த சுவிட்சு மூடிய மறுகணம் அந்தச் சுருளின் இரண்டு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால், அணைக்கிறவர் யாருமின்றி அது தானே ஓய்ந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் சொல்லாமல் விலகிக்கொள்கிற இந்த அடக்கத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆனந்தமாக இருக்கும்.

இனி, என் கார் எழுப்பிய 'டொக்'குக்கு வருவோம். செல்ப் எடுக்காதபோதெல்லாம் மோட்டாரைக் கழற்றத் துணிகிறவர்கள், பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் குற்றமற்ற மோட்டாரைக் கழற்றுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். காது கொடுத்துக் கேட்டால் யந்திரமே நோயைச் சொல்லும். 'கட கட கட' என்று ஓயாமல் துடித்தால் குற்றம் பெரும்பாலும் பேட்டரியில்: சொலினாய்டு மூடுகிறது, மோட்டார் மின்சாரத்தை இழுத்ததும் பலவீனமான பேட்டரியின் அழுத்தம் சரிகிறது, பிடித்துவைக்கும் சுருள் பலமிழந்து தண்டை விட்டுவிடுகிறது, பளு நீங்கியதும் அழுத்தம் மீள்கிறது, மறுபடி மூடுகிறது. ஒற்றை 'டொக்' கேட்டால் முகப்பு விளக்கை எரியவிட்டுக் கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கிச் செத்துப்போனால் பெரும் மின்னோட்டம் மோட்டாருக்குள் போகிறது, ஆனால் மோட்டாரோ என்ஜினோ இறுகிக் கிடக்கிறது, அல்லது பேட்டரி வலுவிழந்திருக்கிறது. விளக்கு சற்றும் மங்காமல் எரிந்தால், மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை என்று பொருள். என் காரில் விளக்கு மங்கவில்லை.

வோல்ட்மீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். நன்கு சார்ஜ் ஏறி ஓய்விலிருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். மோட்டார் சுற்றும்போதும் ஒன்பதரைக்குக் கீழே இறங்கக் கூடாது. கேபிள் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூஞ்சையையும் பச்சைக் களிம்பையும் அலட்சியம் செய்யலாகாது. ஓம் என்னும் மின்தடை அலகில் நூறில் ஒரு பங்கு என்றால் அற்பம் என்று தோன்றும். ஆனால் 200 ஆம்பியர் அதன் வழியாகப் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். 12-ல் 2 போனால் ஆறில் ஒரு பங்கு அழுத்தம் வழியிலேயே களவுபோனதற்குச் சமானம். உப்புத்தாளால் தேய்த்து, டெர்மினலை இறுக்கிய மாத்திரத்தில் உயிர்பெற்ற கார்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உஷ்ணத்தையும் மறந்துவிடக் கூடாது: செப்பின் மின்தடை 100 டிகிரி சூடேறினால் சுமார் 40 சதவீதம் கூடிவிடுகிறது, காலையில் எடுக்கிற செல்ப், நெடுந்தூரம் ஓடிவிட்டு டீக்கடையில் நிறுத்திய பிறகு எடுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்டரியும் கேபிளும் நிரபராதிகள் என்று தெரிந்த பிறகு, மரக் கைப்பிடியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன், என்ஜின் எழுந்துகொண்டது. தட்டினால் எழுகிற மோட்டாரில், மின்சாரத்தை உள்ளே செலுத்தும் கார்பன் கட்டைகள் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். இந்த வைத்தியம் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே உரியது. புதிய மோட்டார்களில் கம்பிச் சுருளுக்குப் பதிலாக மண்பாண்டம்போல் எளிதில் உடையும் நிலைக்காந்தத் துண்டுகள் ஒட்டியிருப்பதால், சுத்தியலால் அடிக்கிறவர் நோயைத் தீர்க்காமல் நோயாளியைத் தீர்த்துவிடுவார்.

காரின் அடியில் படுத்துக்கொண்டு, சொலினாய்டின் இரண்டு டெர்மினல்களைத் திருப்புளியால் குறுக்கே தொட்டுச் செல்ப் எடுக்கவைக்கிற ஒரு வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சாவியும் வேண்டாம், உள்ளே ஆளும் வேண்டாம் என்பதால் அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது. கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால், அந்தக் க்ஷணமே கார் நகர்ந்து, தொட்டவர்மேலேயே ஏறும். இவ்விதம் உயிரிழந்தவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

கழற்றும் வேலையைக் காரைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். என்ஜின் ஓடி நின்றிருந்தால் நன்றாக ஆறட்டும்; பல கார்களில் புகைக்குழாய் செல்ப் மோட்டாரின் அருகிலேயே போகிறது. அடுத்தபடியாக மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி இவற்றைக் கழற்றிவிட வேண்டும். நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட வேப்பமரத்தடிப் பட்டறையில், முதல் நாள் நான் பானெட்டைத் தூக்கியதும் மேஸ்திரி என் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, மொதல்ல அந்த மோதிரத்தக் கழட்டு, காரு எங்கயும் ஓடிடாது" என்றார். சொல்லிவிட்டுத் தன் இடது கை மோதிர விரலை நீட்டிக் காண்பித்தார். விரலின் அடியில், மோதிரம் போட்ட மாதிரியே சுற்றிலும் பளபளவென்று ஒரு வெள்ளைத் தழும்பு. இளம் வயதில் ஒருநாள் அவருடைய ஸ்பேனரும் தங்க மோதிரமும் சேர்ந்து பேட்டரியின் பாசிட்டிவையும் காரின் உடம்பையும் ஒரு விநாடி இணைத்துவிட்டனவாம்.

அந்த ஒரு விநாடியில் நடந்தது என்ன என்று யோசிக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு மனிதத் தோலை ஊடுருவி அதிர்ச்சி தருகிற வல்லமை இல்லை. ஆகையால் காரின் மின்சாரம் சாதுவானது என்ற தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் பேட்டரியின் உள்தடை நூறில் ஒரு பங்கு ஓமுக்கும் குறைவு. இரும்போ தங்கமோ குறுக்கே விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேலே பாயலாம். விளக்குக்கும் ஹாரனுக்கும் போகிற கம்பிகளில் பியூஸ் இருக்கிறது. அளவு மீறினால் அது உருகித் தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றும். செல்ப் மோட்டாருக்குப் போகிற கனத்த கேபிளில், பெரும்பாலான கார்களில் பியூஸ் கிடையாது. அதன் அன்றாட வேலையே பியூஸை உருக்கும் அளவுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவதுதான். சாவியை எடுத்துவிட்டாலும் அந்தக் கேபிளில் இரவும் பகலும் உயிர் இருக்கிறது. நாம் ஸ்பேனர் வைக்கப்போவதோ நேராக அதன் முனையிலே. பேட்டரியின் தலைமாட்டில், சார்ஜ் ஏறும்போது பிரிந்த ஹைட்ரஜன் தேங்கியிருக்கவும் கூடும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு இருந்தாலே ஒரு பொறிக்குத் தீப்பற்றும். பேட்டரி வெடித்தால் தெறிப்பது கந்தக அமிலம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது இதனாலேயே அவசியமாகிறது.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது: பேட்டரியில், காரின் உடம்போடு இணைந்திருக்கும் முனையை, இன்றைய கார்களில் நெகட்டிவை, முதலில் கழற்ற வேண்டும். காரணம் எளிது. உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால், நெகட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டாலும் சமமான இரண்டு இடங்களைத்தான் இணைக்கிறது, ஒன்றும் ஆகாது. பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனரின் மறுமுனை எங்காவது இரும்பில் பட்டால், மேஸ்திரியின் விரலுக்கு வந்த கதிதான். நெகட்டிவ் போன பிறகு பாசிட்டிவைத் தொட்டால், மின்சாரம் திரும்பிப்போக வழியே இல்லாததால் அது அநாதையாகிவிடுகிறது. 1960-களுக்கு முந்திய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவே உடம்போடு சேர்ந்திருந்தது; அவற்றில் முதலில் கழற்ற வேண்டியது பாசிட்டிவ். 'கறுப்பு முதலில்' என்று நிறத்தை மனப்பாடம் செய்தவர் பழைய காரில் ஏமாறுவார். காரணத்தைப் பிடித்தவர் ஏமாற மாட்டார். கழற்றிய கேபிள் தானாக வளைந்து மறுபடி முனையைத் தொட்டுவிடாதபடி, துணியைச் சுற்றி ஓரமாகக் கட்டிவைக்க வேண்டும்.

சில கார்களில் மோட்டாரை மேலிருந்தே எட்டலாம், அது பாக்கியம். கீழே போகத்தான் வேண்டுமென்றால், ஜாக்கியை நம்பி அடியில் படுக்கலாகாது. ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. எண்ணெய் ஜாக்கியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் பழுதானால் ஒரு டன் இரும்பு மெதுவாகவோ சடக்கென்றோ இறங்கும். தூக்கிய பிறகு, காரின் உறுதியான சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, காரை அவற்றின்மேல் இறக்கி, தோளால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதன் பின்பே உள்ளே நுழையலாம். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் அடுக்கி வைப்பவர்கள், வீடு கட்டும்போது சுவரின் பாரத்தைப் பரவலாகத் தாங்குகிற கல், ஒரே புள்ளியில் இறங்கும் பாரத்துக்குப் பிளந்துவிடும் என்பதை யோசிப்பதில்லை.

மோட்டாரில் இரண்டு கம்பிகள் இருக்கும்: விரல் தடிமனான கேபிள் ஒன்று, சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஒன்று. கழற்றுவதற்கு முன் எது எங்கே என்று எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். கேபிளின் நட்டை இளக்கும்போது, அதன் அடியிலிருக்கும் நட்டை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் செப்புத் தண்டு முழுவதும் திரும்பி, சொலினாய்டின் உள்ளே இருக்கிற இணைப்பு அறுந்துபோகும். பிறகு, மோட்டாரை என்ஜினோடு பிணைத்திருக்கும் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள். கடைசி போல்ட்டின் மரை விடுபடும்போது ஒரு கை மோட்டாரைத் தாங்கியிருக்கட்டும். முகம் அதற்கு நேர் கீழே இருக்க வேண்டாம். பழைய மாதிரி மோட்டார்கள் நல்ல கனம். இடையில் மெல்லிய தகடுகள் வைத்திருந்தால் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்; பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி அவற்றால் அளந்து வைத்தது.

மோட்டார் வெளியே வந்ததும், அது இருந்த துவாரத்தின் வழியாக டார்ச்சு அடித்துப் பிளைவீலின் பல்வளையத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. நாலு சிலிண்டர் என்ஜினை அணைத்தால் அது கண்ட இடத்தில் நிற்பதில்லை. ஏதோ ஒரு சிலிண்டரில் அழுத்தப்படும் காற்று வில்லைப்போலப் பின்னுக்குத் தள்ளுவதால், பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே நிலைகளில் ஒன்றில் வந்து நிற்கிறது. ஆகையால் ஆயிரக்கணக்கான தடவை பினியன் வந்து மோதுவதும் வளையத்தின் அந்த இரண்டு இடங்களில்தான். மற்ற இடங்களில் பற்கள் புதிதுபோலிருக்க, அந்த இரண்டு இடங்களில் மட்டும் முனை மழுங்கி, நெல் கொறித்ததுபோலக் கடிபட்டிருக்கும். என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி வளையம் முழுவதையும் பார்த்துவிட வேண்டும். பல் போன வளையத்தோடு புது மோட்டாரைச் சேர்த்தால் புது பினியனும் சில மாதங்களில் பல்லிழக்கும்.

மாட்டுவதற்கு முன் புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து, பினியன் பற்களை எண்ணி, போல்ட்டுத் துளைகளை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். புது மோட்டாரைத் தரையில் வைத்துச் சோதிக்க ஆசைப்படுகிறவர்கள் அதை வைஸில் இறுகப் பிடித்துக்கொண்டு செய்யட்டும். அச்சு ஒரு பக்கம் சுழல எழும்போது உடம்பு அதே பலத்தோடு மறுபக்கம் துள்ளும் என்பது நியூட்டனுடைய மூன்றாம் விதி. பளுவில்லாத மோட்டார் கட்டுக்கடங்காத வேகம் எடுக்குமாதலால், ஓரிரு வினாடிக்குமேல் ஓட்டலாகாது. பெண்டிக்ஸைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போட்டுக் கழுவுவதும் கூடாது. உருளைப் பூட்டின் உள்ளே ஆயுளுக்கும் அடைத்துவைத்த கிரீஸ் கரைந்து வெளியே வந்துவிடும்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரம் கேபிள் வழியாகப் போகிறது. திரும்புவதற்குப் பெரும்பாலும் தனிக் கம்பி கிடையாது. மோட்டாரின் உடம்பு, அது பதிந்திருக்கும் என்ஜினின் உலோகப் பரப்பு, அங்கிருந்து எர்த் பட்டை, இதுதான் திரும்பும் பாதை. எனவே பதியும் பரப்பிலுள்ள துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டித் துடைக்க வேண்டும். இதைப் பலரும் அலங்கார வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். முன்னே சொன்ன நூறில் ஒரு பங்கு ஓம் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் வேறில்லை. போல்ட்டுகளை முதலில் விரலால் மரை ஏற்றிவிட்டு, பிறகு ஸ்பேனர் வைக்க வேண்டும். அலுமினிய என்ஜினில் பிறழ ஏறிய இரும்பு போல்ட்டு மரையையே அறுத்துவிடும். செப்புத் தண்டின் நட்டு உறுதியாக இருந்தால் போதும். பலசாலிகள் தங்கள் பலத்தை அங்கே காட்ட வேண்டாம். கேபிள்களை மாட்டி, ரப்பர் மூடியைப் போட்டு, கருவிகளை எண்ணி வெளியே எடுத்து, காரைத் தரையில் இறக்கிய பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் பேட்டரியின் நெகட்டிவை மாட்ட வேண்டும். முதலில் போனது கடைசியில் வருகிறது. காரணம் அதே காரணம்தான்.

சாவியைத் திருப்பும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும், காது கூர்மையாக இருக்கட்டும். பினியன் விலகாமல் கூவிக்கொண்டே இருந்தாலும், பல்லோடு பல் அரைபட்டாலும் உடனே நிறுத்திவிட்டு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

என் கார் அன்று மத்தியானம் முதல் திருப்பிலேயே எழுந்தது. பிரயாணம் மறுநாளைக்குத் தள்ளிப்போயிருந்ததால், சாயங்காலம் பழைய மோட்டாரை மேஜைமேல் ஒரு பழைய தினசரியை விரித்து வைத்துப் பின்மூடியைத் திறந்தேன். தாளெல்லாம் மைபோன்ற கறுப்புப் பொடி கொட்டியது. சுழலும் செப்புப் பட்டைகளின்மேல் உராய்ந்து மின்சாரத்தை உள்ளே செலுத்த வேண்டிய கார்பன் கட்டைகள் நான்கில் ஒன்றை எடுத்து, கடையில் வாங்கிவந்த புதிய கட்டையின் பக்கத்தில் நிறுத்தினேன்; பாதி உயரங்கூட இல்லை. அதன் முதுகை அழுத்த வேண்டிய சுருள்வில் இறங்கக்கூடிய மட்டும் இறங்கி, அதற்குக் கீழே போக வழியின்றிக் கூட்டின் விளிம்பில் தட்டி நின்றிருந்தது. கார்பன் செப்பைத் தொட்டதும் தொடாததுமாக, சொலினாய்டின் சிறு ஓட்டத்துக்கு மட்டும் வழிவிட்டு, 200 ஆம்பியருக்கு வழிவிடாமல் நின்றிருக்கிறது. கூட்டிலேயே நின்றிருந்த மற்றொரு கட்டையின் முதுகை விரல் நுனியால் சற்று அழுத்தினேன். கட்டை ஒரு நூலளவு கீழே நகர்ந்து செப்பில் நன்றாகப் பதிந்தது.